அமெரிக்க அரசு கிறிஸ்தவத்தின் மீது நிறுவப்பட்டதா, சமயச் சார்பின்மையின் மீதா?

கேள்வி: சுங்கை சிப்புட் வாசகி

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இளையோர் வாசகர் வட்டம் ஒன்றை நடத்த உதவி வருகிறேன். ஆறாம் படிவம் பயில்பவர்களும் ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வருபவர்களும் அதில் இருக்கிறார்கள். பெரும்பாலோர், தோட்டம் கைமாறிய பின் லயத்து வரிசை வீடுகளை விட்டுப் பட்டணத்துத் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். இந்துக்களே மிகுதி என்றாலும், மெதடிஸ்ட் சபையையும் கத்தோலிக்கத் திருச்சபையையும் சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் தவறாமல் வருகிறார்கள்.

அடுத்த கூட்டத்தில் "அமெரிக்க அரசு கிறிஸ்தவ சமயத்தின் மீது நிறுவப்பட்டது" என்னும் தலைப்பில் வாதிடப் போகிறார்கள். தலைப்பை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். ஒட்டிப் பேசும் அணியினர், டாலர் நோட்டில் கடவுளை நம்புகிறோம் என்று அச்சிட்டிருப்பதையும், அதிபர் பைபிளின் மீது கைவைத்து உறுதிமொழி எடுப்பதையும், 1776ஆம் ஆண்டின் விடுதலைப் பிரகடனம் மனிதரின் உரிமைகளைப் படைத்தவன் அளித்தவை என்று கூறுவதையும் சான்றாக வைத்திருக்கிறார்கள். வெட்டிப் பேசுபவர்கள், அரசியலமைப்பில் கடவுளைப் பற்றிய பேச்சே இல்லை என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சொல்லப்படுபவை எல்லாம் உண்மையாக இருக்கும்போது எதற்கு எவ்வளவு எடை கொடுப்பது? ஆண்டும் ஆவணமும் காட்டி விளக்குபவர்களுக்கு நன்றியுடையவளாக இருப்பேன். எந்தப் பிள்ளையின் நம்பிக்கையும் சிறுமைப்படாத வகையில் இந்த வாதம் நடக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

மறுமொழி: ஓய்வுபெற்ற வரலாற்றாசிரியர், தைப்பிங்

அம்மா, அந்நாட்டு மக்கள் எச்சமயத்தவர் என்பது ஒரு கேள்வி. அவர்கள் அமைத்த கூட்டரசு யார் பேரில் அதிகாரம் கோரியது என்பது வேறு கேள்வி. இரண்டையும் கலந்துவிட்டால் உங்கள் பிள்ளைகள் விடியும்வரை வாதிட்டாலும் முடிவு கிடைக்காது. 18ஆம் நூற்றாண்டின் அமெரிக்கக் குடியேறிகளில் மிகப் பெரும்பாலோர் புரொட்டஸ்டண்டு கிறிஸ்தவர்கள் என்பதில் ஐயமே இல்லை. தலைப்போ அரசைப் பற்றியது. அதற்கு அரசை உருவாக்கிய ஆவணம்தான் பதில் சொல்ல வேண்டும்.

பிலடெல்பியாவில் 1787 செப்டம்பர் 17 அன்று கையொப்பமான அரசியலமைப்பு, மக்களாகிய நாம் இதை நிறுவுகிறோம் என்று தொடங்குகிறது. நாளைக் குறிப்பிடும் இடத்தில் "நம் ஆண்டவரின் ஆண்டு" என்ற அக்கால மரபுத் தொடர் வருவதைத் தவிர, அதில் இறைவனைப் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை. அதைவிட முக்கியமானது ஆறாம் பிரிவு. கூட்டரசின் எந்தப் பதவிக்கும் சமயத் தகுதி எக்காலத்திலும் கோரப்படக் கூடாது என்று அது விதிக்கிறது. அந்தக் காலத்தில் இது எவ்வளவு துணிச்சலான விதி என்பதைப் பிள்ளைகள் உணர வேண்டும். இங்கிலாந்தில் அரசுத் திருச்சபையைச் சாராதவர்களைப் பதவியிலிருந்து விலக்கி வைக்கும் சட்டம் அப்போது நடப்பில் இருந்தது. அமெரிக்காவிலேயே மேரிலாந்து மாநிலத்தின் 1776 அரசியலமைப்பு, கிறிஸ்தவ நம்பிக்கையை அறிக்கையிடுபவருக்குத்தான் பதவி என்றது. இவற்றை அறிந்தவர்கள், இவற்றின் கீழ் வாழ்ந்தவர்கள், கூட்டரசுக்கு அப்படியொரு சோதனை வேண்டாம் என்று தெரிந்தே எழுதினார்கள்.

மறந்துபோய் விட்டுவிட்டார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. அதே மாநாட்டில், 1787 ஜூன் 28 அன்று, எண்பதைக் கடந்த பெஞ்சமின் பிராங்க்ளின் எழுந்து, ஒவ்வொரு நாள் அமர்வையும் இறைவேண்டலுடன் தொடங்கலாம் என்று முன்மொழிந்தார். வாக்கெடுப்பு நடக்காமலேயே அன்றைய அமர்வு கலைந்தது. மூன்று நான்கு பேரைத் தவிர மற்றவர்கள் வேண்டல் தேவையில்லை என்று கருதியதாகப் பிராங்க்ளினே தம் உரைப்படியின் கீழே எழுதி வைத்தார்.

இனி, ஒட்டிப் பேசும் அணியின் சான்றுகள். கடவுளை நம்புகிறோம் என்ற வாசகம் முதன்முதலில் ஒரு நாணயத்தில் பொறிக்கப்பட்டது 1864இல், உள்நாட்டுப் போரின் நடுவில். அது நாட்டின் அதிகாரபூர்வ வாசகமாகச் சட்டமானது 1956இல். நோட்டில் வந்தது அதற்கும் அடுத்த ஆண்டு. பள்ளிப் பிள்ளைகள் கொடிக்கு முன் சொல்லும் உறுதிமொழியில் "கடவுளின் கீழ்" என்ற சொற்கள் சேர்ந்தது 1954இல். கம்யூனிச நாடுகளிலிருந்து தங்களை வேறுபடுத்திக் காட்ட வேண்டும் என்ற வேகம் அன்றைய அமெரிக்காவில் இருந்தது. ஆக, இவை நிறுவனர்களின் செயல்கள் அல்ல. அவர்களின் பேரன்மாருக்கும் பிந்தியவர்களின் செயல்கள். அதிபரின் உறுதிமொழி வாசகம் அரசியலமைப்பிலேயே இருக்கிறது; அதில் பைபிளும் இல்லை, கடவுளின் துணையை வேண்டும் சொற்களும் இல்லை.

விடுதலைப் பிரகடனம் சற்று வேறுவகையானது. படைத்தவனையும் இயற்கையின் கடவுளையும் அது உண்மையாகவே குறிப்பிடுகிறது. ஆனால் படைத்தவனைச் சொல்லும் அதே பத்தியில், ஆட்சிக்கு நியாயமான அதிகாரம் ஆளப்படுவோரின் இசைவிலிருந்து வருகிறது என்றும் சொல்கிறது. மேலும் அது மன்னரிடமிருந்து பிரிந்ததை அறிவித்த ஆவணமே தவிர, அரசை அமைத்த சட்டம் அன்று.

திரிப்போலி உடன்படிக்கையை வெட்டிப் பேசும் அணிக்குக் கொடுங்கள். இன்றைய லிபியாவில் இருந்த முஸ்லிம் ஆட்சியுடன், கடற்கொள்ளையைத் தவிர்ப்பதற்காகச் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. அமெரிக்க அரசு எவ்வகையிலும் கிறிஸ்தவ சமயத்தின் மீது நிறுவப்பட்டதன்று என்று அதன் 11ஆம் பிரிவு சொல்கிறது. 1797 ஜூன் 7 அன்று செனட் அதனை ஒருமனதாக ஏற்றது. அதிபர் ஜான் ஆடம்ஸ் கையொப்பமிட்டார்.

மறுமொழி: சபை மூப்பர், தெலுக் இந்தான்

ஐயா சொன்ன ஆண்டுகள் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போகக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

முதலாவது, அரசு என்பது கூட்டரசு மட்டும்தானா? 1791இல் நிறைவேறிய, அரசியலமைப்பின் முதலாம் திருத்தம், சமயத்தை நிறுவும் சட்டம் எதையும் காங்கிரஸ் என்னும் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்று காங்கிரசைத்தான் கட்டுப்படுத்தியது. மாநிலங்களை அது தொடவில்லை. கனெக்டிகட் மாநிலத்தில் 1818 வரையிலும் மாசசூசெட்ஸில் 1833 வரையிலும் மக்களின் வரிப்பணத்தால் சபைகள் தாங்கப்பட்டன. நாடு உருவாகி ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் இது சட்டப்படி நடந்திருக்கிறது என்றால், நிறுவனர்கள் சமயத்தை ஆட்சியிலிருந்து அறவே அகற்றினார்கள் என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது, முதலாம் திருத்தத்தை வரைந்த அதே முதல் காங்கிரஸ், 1789இல் இரு அவைகளுக்கும் சம்பளம் கொடுத்துக் குருமாரை நியமித்தது. புதிய நிலப்பகுதிகளை ஆள்வதற்கான 1787ஆம் ஆண்டுச் சட்டம், நல்லாட்சிக்குச் சமயமும் ஒழுக்கமும் அறிவும் தேவை என்று எழுதிவைத்தது. 1892இல் உச்ச நீதிமன்றமே, இது ஒரு கிறிஸ்தவ நாடு என்று தீர்ப்பில் எழுதியது.

கடைசியாக, ஆவணத்தில் எழுதாதது இல்லாததாகிவிடாது. மக்கள் தங்களுக்குள் உடன்படிக்கை செய்துகொண்டு ஆட்சியை ஏற்படுத்தலாம் என்ற எண்ணம் அந்த மண்ணுக்கு எங்கிருந்து வந்தது? 1620இல் மேஃபிளவர் கப்பலில் வந்தவர்கள், கடவுளின் மகிமைக்காகவும் கிறிஸ்தவ விசுவாசத்தின் வளர்ச்சிக்காகவும் என்று எழுதித் தங்களை ஓர் அரசியல் சமூகமாகக் கட்டிக்கொண்டார்கள். சபையை உடன்படிக்கையால் அமைத்தவர்கள் ஊரையும் அப்படியே அமைத்தார்கள். அந்த வேரைச் சொல்லாமல் 1787ஐ மட்டும் சொல்வது நியாயமாகாது.

மறுமொழி: சட்டம் பயின்றவர், கிள்ளான்

மூப்பர் ஐயாவின் முதல் வாதம் வலுவானது. அதை மேலோட்டமாகத் தள்ளிவிட முடியாது. மாநிலங்கள் சிலவற்றில் அரசுச் சபை இருந்ததென்பது உண்மை. ஆனால் அந்த ஏற்பாட்டைக் கூட்டரசு தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை என்பதும், மாநிலங்களே ஒன்றன்பின் ஒன்றாக அதைக் கைவிட்டன என்பதும் அதே வரலாற்றின் பகுதி. பின்னர் 1868இல் வந்த 14ஆம் திருத்தத்தின் வழியாக, முதலாம் திருத்தத்தின் கட்டுப்பாடு 20ஆம் நூற்றாண்டில் மாநிலங்கள் மீதும் ஏறியது.

1892 வழக்கைப் பற்றி நம் மக்களுக்குத் தனி ஆர்வம் இருக்க வேண்டும். அது சமயத்தைப் பற்றிய வழக்கே அன்று. வெளிநாட்டிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டுவருவதைத் தடுக்கும் 1885ஆம் ஆண்டுச் சட்டம், நியூயார்க்கில் உள்ள தேவாலயம் ஒன்று இங்கிலாந்திலிருந்து போதகர் ஒருவரை ஒப்பந்தம் பேசி அழைத்துக்கொண்டதற்கும் பொருந்துமா என்பதே கேள்வி. நம் பாட்டன்மாரைப் போல ஒப்பந்தத்தில் கப்பலேற்றப்பட்ட உடலுழைப்பாளிகளை மனத்தில் வைத்து எழுதிய சட்டம், போதகரைக் கருதி எழுதப்பட்டதன்று என்று நீதிமன்றம் முடிவு செய்தது. நீதிபதி புரூவர் அதற்குத் துணையாகச் சொன்ன கருத்துத்தான் கிறிஸ்தவ நாடு என்பது. 1905இல் அவரே, கிறிஸ்தவம் அங்கு அரசு சமயம் என்றோ மக்கள் அதை ஏற்கக் கட்டாயப்படுத்தப்படுகிறார்கள் என்றோ தாம் பொருள் கொள்ளவில்லை என்று விளக்கினார்.

திரிப்போலிச் சான்றுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. அரபு மூலத்தில் அந்த 11ஆம் பிரிவு காணப்படவில்லை. ஜோயல் பார்லோ என்ற தூதர் வழி வந்த ஆங்கில வடிவத்தில்தான் அது இருக்கிறது. எனினும் செனட்டின் முன் வைக்கப்பட்டதும் ஏற்கப்பட்டதும் அந்த ஆங்கில வடிவமே என்பதால், அன்றைய அமெரிக்கத் தலைவர்கள் எதை ஒப்புக்கொண்டார்கள் என்பதற்கு அதன் சான்று குறையவில்லை. எதிரணியினர் இதைக் கிளப்பக்கூடும். பிள்ளைகள் தயாராக இருக்கட்டும்.

நம் நாட்டு ஒப்பீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் நாம் எதிர்த்திசையிலிருந்து வந்திருக்கிறோம். அமெரிக்க அரசியலமைப்பு எந்தச் சமயத்தையும் குறிப்பிடவில்லை. நம் கூட்டரசு அரசியலமைப்பின் 3ஆம் பிரிவோ, இஸ்லாம் கூட்டரசின் சமயம் என்றும், மற்ற சமயங்களை அமைதியோடும் நல்லிணக்கத்தோடும் பின்பற்றலாம் என்றும் கூறுகிறது. மலாயாவின் அரசியலமைப்பை வரைந்த ரீட் ஆணையத்தின் வரைவில் இது இல்லை. ஆணையத்தின் ஐந்து உறுப்பினர்களில் பாகிஸ்தானைச் சேர்ந்த நீதிபதி அப்துல் ஹமீது மட்டும் சேர்க்க வேண்டும் என்று தனிக் குறிப்பு எழுதினார். மலாய் ஆட்சியாளர்கள், தத்தம் மாநிலத்தில் சமயத் தலைமை தங்களிடம் இருப்பதால் தொடக்கத்தில் இதை விரும்பவில்லை. கூட்டணிக் கட்சி ஆணையத்துக்கு அளித்த கோரிக்கை, இஸ்லாம் நாட்டின் சமயமாக இருக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு, அதனால் நாடு சமயச் சார்பற்றதன்று என்று பொருள்படாது என்றும் சேர்த்தே சொன்னது. அந்தக் கூட்டணியில் இந்தியர்களின் கட்சியான ம.இ.கா.வும் ஓர் உறுப்பு. அப்போது அதன் தலைவராக இருந்தவர் உங்கள் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ.தி. சம்பந்தன். 1957ஆம் ஆண்டு வெள்ளை அறிக்கையும், இந்த அறிவிப்பு கூட்டரசின் சமயச் சார்பற்ற நிலையைப் பாதிக்காது என்று உறுதி கூறியது. 1988இல் சே ஓமார் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், நாட்டின் சட்டம் சமயச் சார்பற்ற சட்டமே என்று முடிவு கூறியது. 2001 செப்டம்பர் 29 அன்று அன்றைய பிரதமர் மகாதீர், மலேசியா ஓர் இஸ்லாமிய நாடு என்று அறிவித்தார். அந்த விவாதம் இங்கும் முடியவில்லை.

மறுமொழி: சுங்கை சிப்புட் வாசகி

மூவருக்கும் நன்றி. இவற்றை அச்செடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி கேட்ட கேள்வியை அப்படியே கேட்கிறேன். பெரும்பான்மை மக்கள் கிறிஸ்தவர்களாகவே இருந்திருக்கிறார்கள். தங்கள் சமயத்தை அரசு சமயமாக்கிக்கொள்ள யாரும் அவர்களைத் தடுத்திருக்க முடியாது. பிறகு ஏன் அவர்கள் அதைச் செய்யவில்லை? சமயப் பற்று இல்லாத சில அறிவாளிகள் பிலடெல்பியாவில் கதவை மூடிக்கொண்டு முடிவெடுத்துவிட்டார்கள் என்பதுதான் விடையா?

மறுமொழி: தோட்டத்தில் பிறந்தவன், கோல சிலாங்கூர்

அந்தத் தங்கையின் கேள்விதான் இந்த உரையாடலின் உயிர். அதற்கு விடை பிலடெல்பியாவில் இல்லை, வர்ஜீனியாவில் இருக்கிறது.

வர்ஜீனியாவில் ஆங்கிலிக்கத் திருச்சபைதான் அரசு சபை. பாப்டிஸ்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் அங்கே சிறுபான்மையினர். பலர் ஏழை விவசாயிகள். அரசு தரும் உரிமம் இல்லாமல் பிரசங்கித்ததற்காக அவர்களின் போதகர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 1774 ஜனவரியில் இளைஞரான ஜேம்ஸ் மேடிசன் தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், பக்கத்து மாவட்டத்துச் சிறையில் ஐந்தாறு நல்ல மனிதர்கள் தங்கள் சமயக் கருத்தை வெளியிட்டதற்காக அடைபட்டிருப்பதைச் சொல்லிப் பொருமுகிறார். அடைத்தவர்களும் கிறிஸ்தவர்கள், அடைபட்டவர்களும் கிறிஸ்தவர்கள். இதை நேரில் கண்டவர்தான் பின்னாளில் முதலாம் திருத்தத்தை முன்னின்று கொண்டுவந்தார்.

1784இல் பாட்ரிக் ஹென்றி, கிறிஸ்தவப் போதகர்களுக்காக ஒரு வரி விதிக்கலாம் என்றும், எந்தச் சபைக்குப் போக வேண்டும் என்பதை வரி செலுத்துபவரே குறிப்பிடலாம் என்றும் ஒரு மசோதா கொண்டுவந்தார். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் மேடிசன் 1785இல் அதை எதிர்த்து எழுதிய விண்ணப்பத்தில், எல்லாச் சமயங்களையும் விலக்கிக் கிறிஸ்தவத்தை நிறுவும் அதிகாரம் அரசுக்கு உண்டென்றால், மற்றக் கிறிஸ்தவப் பிரிவுகளை விலக்கி ஒரு பிரிவை மட்டும் நிறுவும் அதிகாரமும் அதற்கு உண்டல்லவா என்று கேட்டார். பாப்டிஸ்டுகளும் பிரஸ்பிட்டேரியன்களும் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டு மனு அனுப்பினார்கள். மசோதா மடிந்தது. அதன் இடத்தில் 1786 ஜனவரியில் தாமஸ் ஜெபர்சனின் சமயச் சுதந்திரச் சட்டம் நிறைவேறியது. அந்தச் சட்டத்தின் முகவுரையில் இயேசு கிறிஸ்துவின் பெயரைச் சேர்க்க ஒரு முயற்சி நடந்தது, பெரும்பான்மையினர் மறுத்தார்கள். யூதர், கிறிஸ்தவர், முகமதியர், இந்து, நம்பிக்கையற்றவர் ஆகிய அனைவரையும் அதன் காப்புக்குள் கொண்டுவரவே அப்படிச் செய்தார்கள் என்று ஜெபர்சன் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். இந்து என்ற சொல் அங்கே இருக்கிறது, தங்கையே. கடல் கடந்து, இதுவரை கண்டிராத ஒரு மக்களையும் நினைவில் வைத்து அவர்கள் சட்டம் எழுதினார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

நம் மலேசிய அரசியலமைப்பின் 11ஆம் பிரிவில் இரண்டாம் உட்பிரிவைப் பாருங்கள். தன் சமயம் அல்லாத வேறொரு சமயத்துக்கென ஒதுக்கப்படும் வரியைச் செலுத்துமாறு யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. வர்ஜீனியாப் பாப்டிஸ்டுகள் கேட்டதற்கு மிக அருகில் வரும் விதி அது. மூன்றாம் உட்பிரிவு, ஒவ்வொரு சமயக் குழுவும் தன் சமய அலுவல்களைத் தானே நடத்தவும் சொத்து வைத்திருக்கவும் உரிமை தருகிறது.

இதை நான் ஏட்டுச் செய்தியாகப் படிக்கவில்லை. நான் பிறந்த தோட்டத்தில் மாரியம்மன் கோயில் இருந்தது. ஆலைக்குப் போகும் செம்மண் பாதையோரம், தகரக் கூரை போட்ட சிறு ஜெப வீடும் இருந்தது. இரண்டுக்கும் இடம் கொடுத்தவர் பழைய துரை. வாயால் கொடுத்தார், தாளில் கொடுக்கவில்லை. திருவிழாவுக்கு விடுப்பும் கொடுப்பார், நன்கொடையும் கொடுப்பார். தோட்டம் விற்கப்பட்டபோது, புதிய உரிமையாளர் கேட்ட முதல் கேள்வி பத்திரம் எங்கே என்பதுதான். கோயிலுக்கும் பத்திரம் இல்லை, ஜெப வீட்டுக்கும் இல்லை. இரண்டும் ஒரே மாதத்தில் இடம்பெயர்ந்தன. சகிப்புக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை அங்கே கண்டேன். 1776இல் வர்ஜீனியா உரிமைப் பிரகடனத்தின் வரைவில் ஜார்ஜ் மேசன், எல்லாருக்கும் சமயச் சகிப்பு அளிக்கப்படும் என்று எழுதியிருந்தார். மேடிசன் அதை மாற்றி, சமயத்தைப் பின்பற்ற எல்லாருக்கும் சம உரிமை உண்டு என்று எழுதச் செய்தார். ஆளுபவர் மனம் வைத்துத் தருவதை அடுத்து வருபவர் எடுத்துக்கொள்ளலாம் என்பதை அந்தப் பாப்டிஸ்டுகள் சிறையில் கற்றார்கள்.

ஆகவே, பற்றில்லாத அறிவாளிகள் தனியே எடுத்த முடிவு அன்று அது. ஆழ்ந்த பக்தியுடைய சிறு சபையார், தங்கள் பக்தியைக் காத்துக்கொள்ள, சமயத்தில் அரசின் கை படக் கூடாது என்று கேட்டு வாங்கியது.

மறுமொழி: சபை மூப்பர், தெலுக் இந்தான்

தம்பி எழுதியதை எங்கள் சபையில் சிலருக்கு வாசித்துக் காட்டினேன். கிறிஸ்தவம் அந்த அரசின் தோற்றத்தில் பங்கு வகித்தது என்ற என் கருத்தில் நான் நிற்கிறேன். ஆனால் அந்தப் பங்கு சிறைப்பட்ட பாப்டிஸ்டுகளின் பங்கு என்றால், அதை இன்னும் மகிழ்ச்சியோடு சொல்வேன். கொடி உறுதிமொழியை 1892இல் எழுதிய பிரான்சிஸ் பெல்லமியும் பாப்டிஸ்டு போதகர்தான்; அவர் எழுதிய வடிவில் கடவுளின் பெயர் இல்லை.

வாசகி அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். கனெக்டிகட்டின் டான்பரி நகரத்துப் பாப்டிஸ்டுகளுக்கு, அப்போது அதிபராக இருந்த ஜெபர்சன் 1802 ஜனவரி 1 அன்று எழுதிய கடிதத்தில்தான், சபைக்கும் அரசுக்கும் இடையே ஒரு மதில் எழுப்பப்பட்டிருக்கிறது என்று குறிப்பிட்டார். அதே நாளில் மாசசூசெட்ஸின் செஷயர் ஊர்ப் பாப்டிஸ்டுகள், தங்கள் போதகர் ஜான் லேலண்டு தலைமையில், 1,235 பவுண்டு எடையுள்ள பாலாடைக் கட்டி ஒன்றை அவருக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்தார்கள். இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, நாடாளுமன்றக் கட்டடத்திலேயே லேலண்டு பிரசங்கம் செய்தார். ஜெபர்சன் வந்து அமர்ந்து கேட்டார். வெட்டிப் பேசும் அணியினர் கடிதத்தை மட்டும் காட்டுவார்கள், ஒட்டிப் பேசும் அணியினர் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் காட்டுவார்கள். இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டு இரு அணிக்கும் கொடுங்கள். கூட்டம் என்றைக்கு என்று தெரிவித்தால் நானும் வருகிறேன்.